கூற்றும் கேட்போரும் களனும்: அண்மைக்கால இந்திய ஆவணப்படங்கள் நான்கு

ஆய்வுச்சுருக்கம்

ஆவணப்படம் திரையரங்கில் காட்டப்படுகிறதா, விழாவிலா, வீட்டுத் திரையிலா என்பது பெரும்பாலும் வணிகம் அல்லது சட்டம் சார்ந்த செய்தியாகவே பேசப்படுகிறது. காணும் இடம் படத்தின் வடிவத்தோடும் அறத்தோடும் பிணைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளைத் துணைக்கொண்டு ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022), ‘ரைட்டிங் வித் ஃபயர்’ (2021), ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ (2022), ‘கக்கூஸ்’ (2017) ஆகிய நான்கு படங்கள் இங்கு மதிப்பிடப்படுகின்றன. அகமரபில் மாந்தர்க்குப் பெயர் இல்லை; ஆவணப்படத்தில் பெயர் உண்டு. இவ்வேறுபாடே மதிப்பீட்டின் அடிப்படையாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், கூற்று, கேட்போர், களன், முன்னம், அகம், புறம், மெய்ப்பாடு.

1. முன்னுரை

தமிழில் திரைப்பட ஆய்வு என்பது இன்றளவும் பெரும்பாலும் கதைப்பட ஆய்வாகவே இருக்கிறது. ஆவணப்படம் ஆய்வுக்கு வரும்போதும், அது எதைப் பற்றியது என்ற வினாவோடு ஆய்வு நின்றுவிடுவதுண்டு. சூழலியல் படம், சாதி குறித்த படம், பெண்ணியப் படம் எனப் பொருள்வகையால் பகுத்து, அதன் கருத்தைத் தொகுத்துரைப்பதோடு பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. படத்தில் பேசுபவர் யாரை நோக்கிப் பேசுகிறார், அப்பேச்சு எங்கே சென்று சேர்கிறது என்ற வினாக்கள் எழுவதில்லை.

தமிழ்ச் சூழலில் ஆவணப்படத்தின் வரலாறு திரையரங்கில் தொடங்கியது. ஏ. கே. செட்டியார் பல நாடுகளுக்குப் பயணம் செய்து படச்சுருள்களைத் திரட்டி உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940இல் தமிழில் வெளியாயிற்று. விடுதலைக்குப்பின் 1948இல் அமைந்த பிலிம்ஸ் டிவிஷனின் குறும்படங்களும் செய்திப்படங்களும், உரிம விதிகளின்படி முதன்மைப் படத்துக்கு முன்னர்க் கட்டாயமாகத் திரையிடப்பட்டன. அவை ஓடி முடியும்வரை அரங்கிற்கு வெளியே நின்றவர்களும் உண்டு. அங்குப் பேசியது அரசு. கேட்டது குடிமக்கள் கூட்டம். அக்கூட்டம் மறுமொழி சொல்ல அங்கு இடமில்லை.

திரைப்படத் தணிக்கை குறித்த முதன்மையான வழக்குகளுள் ஒன்றும் ஆவணப்படத்தை ஒட்டியே எழுந்தது. கே. ஏ. அப்பாஸின் ‘எ டேல் ஆஃப் ஃபோர் சிட்டீஸ்’ என்னும் படம் தொடர்பான வழக்கில், திரையிடலுக்கு முன் தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் திரையிடச் சான்றிதழ் வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் வகுத்த நெறி. இணையத் தளங்களில் வெளியாகும் படங்களுக்கோ 2021இல் தனி விதிகள் வந்தன. ஒரே படம் அரங்கில் ஒரு சட்டத்துக்கும் வீட்டில் மற்றொரு விதிக்கும் உட்படுகிறது. ஆகவே, களன் என்பது படத்துக்கு வெளியே உள்ள செய்தி அன்று.

2. ஆய்வுக் கருவிகள்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணிக் காட்டும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகியனவும் அடங்கும். இன்னார் கூறினார் என்பதோடு நில்லாமல், இன்னார் கேட்க, இன்ன இடத்துக் கூறினார் என்பதும் செய்யுளின் உறுப்பாகிறது. இவற்றோடு இணைத்து எண்ணத்தக்கது முன்னம். இவ்விடத்தில் இச்சொல்லை இவர் இவர்க்குச் சொல்லுதற்கு உரியர் எனக் கேட்போர் குறிப்பால் உணருமாறு அமைவது அது. சொல்லாலோ குறிப்பாலோ முடித்துக்கொள்ளுமாறு விடப்படுவது எச்சம்.

பழம்பாடலுக்கு வகுத்த கருவிகளைப் படக்கருவியின் முன் பேசும் மனிதருக்குப் பொருத்துவது வலிந்து செய்வதாகாதா என்ற தடை எழலாம். அத்தடை நியாயமானது. அகப்பாட்டின் மாந்தர் புனைவு மாந்தர். அவருள் எவரையும் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பதும் அம்மரபின் விதி. ஆவணப்பட மாந்தர்க்கு முகமும் பெயரும் ஊரும் உண்டு. படம் முடிந்தபின் அவர் அதே ஊரில் அதே பெயரோடு வாழ்ந்தாக வேண்டும். ஆனால் இவ்வேறுபாடே இக்கருவிகளைப் பயனுடையனவாக்குகிறது. பெயரின்மையால் அகமரபு காத்த ஒன்றை ஆவணப்படம் எவ்வாறு காக்கிறது, அல்லது காக்கத் தவறுகிறது என வினவ அவை வழி திறக்கின்றன.

3. திரையரங்கு: ஆல் தட் பிரீத்ஸ்

ஷௌனக் சென் இயக்கிய இப்படம் 2022இல் சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவின் நடுவர் பெரும்பரிசையும், அதே ஆண்டு கான் விழாவில் ஆவணப்படத்துக்கான ‘தங்கக்கண்’ விருதையும் பெற்றது. தில்லியின் வசீராபாத் பகுதியில் அடிபட்டு விழும் பருந்துகளுக்கு மருத்துவம் பார்க்கும் நதீம், சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவரும், அவர்களுக்குத் துணையாக நிற்கும் சாலிக் என்னும் இளைஞரும் இதன் மாந்தர். ஊன் உண்ணும் பறவை என்பதால் பறவை மருத்துவமனை ஏற்க மறுத்த பருந்தை இவர்கள் ஏற்றுக்கொண்டதிலிருந்து இப்பணி தொடங்குகிறது.

படத்தின் முதற்காட்சி இருளில் தரையோடு தரையாக நகர்கிறது. நகரின் வெற்றிடம் ஒன்றில் எலிகள் மொய்க்கின்றன. அப்பால் வண்டிகளின் வெளிச்சம் கடந்து செல்கிறது. மனிதர் எவரும் பேசுவதற்கு முன்பே இந்நகரம் யாருடையது என்ற வினாவைப் படக்கருவி எழுப்பிவிடுகிறது. அவசரமின்றித் திரும்பும் இந்த ஒளிப்பதிவுக்கு இருளும் பெருந்திரையும் சூழொலியும் வேண்டும். 2022இல் அமெரிக்கத் திரையரங்குகளிலும் 2023இல் எச்பிஓ தொலைக்காட்சியிலும் இது வெளியாயிற்று. சிறுதிரையில் காண்போர்க்கு இம்முதற்காட்சியின் பாதி இழப்பாகும்.

எனினும் அழகு மட்டுமே இப்படத்தின் வலிமை அன்று. படம் எடுக்கப்பட்ட காலம், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களும் 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் நிகழ்ந்த வன்முறையும் சூழ்ந்த காலம். மாந்தரோ இசுலாமியர். இந்நிலையில் இயக்குநர் அவர்களை நேரே அமர்த்தி அச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. தெருவிலிருந்து வரும் ஒலிபெருக்கிக் குரலாகவும், வீட்டினர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாகவும், தொலைபேசி உரையாடலாகவும் அரசியல் உள்ளே வருகிறது. இதுவே எச்சம். சொல்லப்படாததைக் காண்போர் முடித்துக்கொள்ள வேண்டும்.

கேட்போர் என்ற உறுப்பைக் கொண்டு நோக்கினால் இதன் பயன் விளங்கும். உடன்பிறந்தார் இருவரும் பெரும்பாலும் தமக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள்: இறைச்சி அரைக்கும் பொறி, பணமுடை, ஒருவர் வெளிநாடு சென்று படிக்க விரும்புவதால் எழும் மனக்கசப்பு. நாம் ஒட்டுக்கேட்பவர் நிலையில் இருக்கிறோம்; நம்மிடம் அவர்கள் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பருந்தொன்று சாலிக்கின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துச் செல்லும் காட்சியில் எழும் நகையும் இதனாலேயே இயல்பாக அமைகிறது. அச்சத்துக்குச் சான்றாகத் தம்மை நிறுத்திக்கொள்ளும் கட்டாயம் இன்றி இவர்கள் திரையில் வாழ்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பின்னணியாக வரும் தனிமொழிகள் சிலவிடங்களில் மெருகு மிகுந்து, பேசுபவரின் சொல்லைவிடப் படத்தொகுப்பின் இசைக்கு இணங்கி ஒலிக்கின்றன. நதீம் பேசுவதையும் படம் பேச விரும்புவதையும் அவ்விடங்களில் பிரித்தறிய இயலவில்லை.

4. விழா: ரைட்டிங் வித் ஃபயர்

ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கிய இப்படம் 2021இல் சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவில் பார்வையாளர் விருதையும் நடுவர் சிறப்பு விருதையும் பெற்றது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு அவ்விழா பெரும்பாலும் இணையவழியே நிகழ்ந்தது. விழா என்னும் களனே அவ்வாண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்னர் இப்படம் முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில் 2002இல் தொடங்கப்பட்ட, பெண்களே நடத்தும் ‘கபர் லஹரியா’ இதழின் செய்தியாளர்கள் இதன் மாந்தர். அச்சிதழ் எண்ணிம ஊடகமாக மாறும் காலம் இதன் காலம். மூத்த செய்தியாளர் மீரா, தோழியர்க்குத் திறன்பேசியைக் கையாளக் கற்றுத்தருகிறார். சுரங்க முறைகேடுகளைப் பற்றி எழுதும் சுனிதா, தம்மைச் சூழ்ந்து அறிவுரை கூறும் ஆண்களிடையே நின்று வினாத்தொடுக்கிறார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் மீரா, அடுத்து அதே திறன்பேசியோடு காவல்நிலையம் செல்கிறார்.

இப்படத்தின் தனிச்சிறப்பு ஒரே சட்டகத்துள் இரு படக்கருவிகள் இருப்பது. படமெடுக்கப்படுபவரே படமெடுப்பவராகவும் இருக்கிறார். வினாவைக் காண்போர்க்கு மறைப்பது ஆவணப்படத்தின் வழக்கமான உத்தி. இங்கோ வினவுதலே படத்தின் செயல். வாளைக் காட்டிப் பேசும் இந்துத்துவ இளைஞர் அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் மீரா குரலை உயர்த்தாமல் கேட்கும் காட்சி இதற்குச் சான்று. அவருடைய அமைதியே அவ்விளைஞரை மேலும் மேலும் பேசவைக்கிறது. முன்னம் என்னும் உறுப்பின்படி நோக்கினால், இவ்விடத்தில் இவரிடம் இவ்வினாவைக் கேட்க இவர் உரியரல்லர் என்று சமூகம் விதித்த எல்லையைத் தலித் பெண் செய்தியாளர் கடக்கும் கணம் அது. செய்யுளில் முன்னம் மரபைக் காட்டும். இங்கு மரபின் முறிவைக் காட்டுகிறது.

ஆனால் 2022 மார்ச்சில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உருக்கமும் வலிமையும் உடையது என ஏற்ற அவ்வறிக்கை, ஒரு கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே தாம் முனைந்திருப்பது போலப் படம் காட்டுவது உண்மையன்று என மறுத்தது. விழா என்னும் களனின் இயல்பு இங்கு வெளிப்படுகிறது. பல நாடுகளிலிருந்து வரும் கேட்போர்க்குப் புந்தேல்கண்டின் தண்ணீர், சாலை, கழிப்பிடம், சாதி எனப் பரந்த செய்திக்களத்தைவிடத் தேர்தல் என்னும் ஒரே இழை எளிதில் விளங்கும். படத்தொகுப்பு அக்கேட்போரை நோக்கி ஒரு தேர்வைச் செய்திருக்கிறது.

அத்தேர்வு தவறா என்பது வாதத்துக்குரியது. இயக்குநர்க்குத் தம் பார்வையில் தொகுக்கும் உரிமை உண்டு. நாம் கருதவேண்டியது வேறு. இம்மறுமொழி எழ முடிந்ததற்குக் காரணம், மறுத்தவர்களிடம் சொந்தமாக ஓர் ஊடகம் இருந்தமையே. ஊடகம் இல்லாதவர் மறுக்க விரும்பினால் என் செய்வார்?

5. வீடு: தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய இப்படம் 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியாகி, 2023இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஏறத்தாழ 40 நிமிடமே ஓடும் இப்படத்தைத் தமிழர் பலர் குடும்பத்தோடு வீட்டில் அமர்ந்து கண்டிருப்பர். முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமில், தாயை மின்சாரத்துக்குப் பறிகொடுத்த ரகு என்னும் யானைக்கன்றையும், பின்னர் வந்த அம்மு என்னும் கன்றையும் வளர்க்கும் பொம்மன், பெள்ளி இருவரும் இதன் மாந்தர்.

தமிழ் ஆய்வாளர் இப்படத்தில் முதலில் நோக்கவேண்டியது மொழியை. மாந்தர் பேசுவது தமிழ். காட்டுநாயக்கர்களுக்கோ தமக்கெனத் தனிமொழி உண்டு. பிறநாட்டார் துணையுரை வழியே ஒரு மொழிபெயர்ப்பைப் பெறுகிறார்கள் என்றால், தமிழர் கேட்பதும் முழுமையான தாய்மொழிக் கூற்று அன்று. ‘நம் மொழிப் படம்’ எனப் பெருமிதம் கொள்வதற்கு முன் இதை எண்ண வேண்டும்.

இப்படத்தில் கூற்று இருவகையாக அமைகிறது. ஒன்று, காட்சிகளின்மேல் ஒலிக்கும் பொம்மன், பெள்ளியின் குரல். இங்குக் கேட்பவர் மறைக்கப்பட்டிருக்கிறார்; வினா நம் காதில் விழுவதில்லை. காடு, குலம், கடவுள் ஆகியவற்றைப் பற்றி அறியாதவர்க்கு விளக்கும் தொனி அக்குரலில் உண்டு. மற்றொன்று, கன்றை நோக்கிப் பேசும் பேச்சு: உண்ணச் சொல்வது, கடிந்துகொள்வது, கொஞ்சுவது. கேளாதனவற்றையும் விலங்கையும் மரத்தையும் கேட்பன போலக் கொண்டு கூறலாம் என்று செய்யுளியல் இசைவு தருகிறது. பெள்ளியின் பேச்சில் உயிர் மிகுவது இவ்விடங்களில்தான். இங்கு அவர் நமக்காகப் பேசவில்லை. மகளை இழந்த பெள்ளிக்கு ரகு ஆறுதலாகும் பகுதி காண்போரை நெகிழ்விப்பதும் இதனாலேயே.

எனின், மூன்றாவதாக இருந்திருக்க வேண்டிய கூற்று ஒன்று இல்லை: இவர்கள் வனத்துறையை நோக்கிப் பேசும் கூற்று. ரகுவை இவர்களிடமிருந்து பிரித்து வேறொருவரிடம் ஒப்படைக்கும் முடிவு படத்தின் திருப்புமுனை. அம்முடிவு மழைபோல, கோடைபோல வந்து விழுகிறது. முடிவெடுத்தவர் திரையில் பேசுவதில்லை. முடிவுக்கான காரணமும் ஆராயப்படுவதில்லை. முகாம் யாருடையது, யானை யாருடையது, இவர்களின் பணிநிலை என்ன, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்காட்டில் இக்குடிக்கு எதைத் தந்தது என்னும் வினாக்களுக்குப் படம் இடந்தரவில்லை. தாய் யானையைக் கொன்ற மின்சாரமும் விதியின் பெயராகவே கடந்துபோகிறது.

குறும்படம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது உண்மை. கனிவு ஒரு குற்றமும் அன்று. ஆயினும் இங்கே நிகழ்வது நீளக்குறைவால் நேர்ந்த விடுபாடு மட்டும் அன்று. பெள்ளியின் துயரம், பொம்மனோடு அவர் கொண்ட மணவுறவு, பிள்ளைப்பாசம் ஆகிய அகப்பொருள் முழுவதும் பெயரோடும் முகத்தோடும் உலகின் முன் வைக்கப்படுகிறது. நிலம், உரிமை, ஊதியம், அரசு ஆகிய புறப்பொருள் விலக்கப்படுகிறது. பழந்தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. புறத்தே பெயர் சொல்லிப் பாடும், அகத்தே பெயரை மறைக்கும். வீட்டுத் திரை விரும்புவது பெயருள்ள அகத்தை. வீட்டில் அமர்ந்து காணும் நாமும் ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே கண்டுவிட்டதாக நிறைவடைகிறோம். அந்நிறைவு நம்மைக் கேட்போராக ஆக்குவதில்லை, விருந்தினராக ஆக்குகிறது. விருந்தினர்க்கு விடைசொல்லும் கடமை இல்லை.

6. களன் மறுக்கப்பட்ட படம்: கக்கூஸ்

திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ மேற்கண்ட மூன்றனுக்கும் முற்பட்டது. ஆனால் அவற்றை அளக்க உதவுவது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் நிலையைத் தமிழகத்தின் பல ஊர்களில் பதிவுசெய்த இப்படத்தின் திரையிடல்களுக்குப் பல இடங்களில் காவல்துறை தடைவிதித்தது. பின்னர் இது யூடியூபில் வெளியாகிப் பெருந்திரளானோரைச் சென்றடைந்தது. கையால் கழிவகற்றுதலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டும் இருந்தது. ஆகவே, இப்படம் வேண்டுவது புதிய சட்டத்தை அன்று; சட்டம் அறிந்தோரின் செவியை.

ஒளிப்பதிவின் நேர்த்தியில் மற்ற மூன்றோடு இதை ஒப்பிட இயலாது. படக்கருவி ஆடுகிறது, ஒலி சீராக இல்லை, காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் கூற்றின் திசையில் ஐயமே இல்லை. தொழிலாளர் படக்கருவியை நேரே நோக்கிப் பேசுகிறார்கள். முன்னிலையில் நிற்பவர் நாம். நாம் பயன்படுத்திய இடத்தைத் தூய்மை செய்பவர் நம்மைக் கேட்கிறார்.

காண்போர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கைக் களனாகக் கூறுகிறது. அழுக்கு அப்பட்டியலில் இல்லை. வெகுளிக்கு அது கூறும் நான்கனுள் குடிகோளும் கொலையும் உண்டு. குடிகோள் என்பது சுற்றத்தையும் குடியையும் நலிதல். ‘கக்கூஸ்’ காண்போரிடத்து நிகழ்த்துவது, இளிவரலாகத் தொடங்கும் உணர்வை வெகுளியாக மாற்றுவது. ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வருவது குறை எனத் தோன்றலாம். முதல் முறை மூக்கைப் பொத்தியவர் ஐந்தாம் முறை அதைச் செய்வதில்லை. அப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார். திரும்ப வருதலுக்கு இப்படத்தில் இந்தப் பணி இருக்கிறது.

இங்கும் மாந்தர் பெயரோடும் முகத்தோடும் வருகிறார்கள். அதனால் அவர்க்கு இடையூறு நேரவும் கூடும். ஆயினும் அவர் வெளிப்படுத்துவது புறப்பொருளை. வழக்குரைப்பவர் தம் பெயரைச் சொல்வது போன்றது அது. கேட்பவர் விடைசொல்லக் கடமைப்பட்டவர் என்பது அக்கூற்றிலேயே அடங்கியிருக்கிறது.

7. முடிவுரை

நான்கு படங்களும் காணத்தக்கவை. ‘ஆல் தட் பிரீத்ஸ்’ கலையால் முதன்மை பெறுகிறது. வாய்ப்புள்ள இடத்தில் அதைப் பெருந்திரையில் காண்பதே முறை. ‘ரைட்டிங் வித் ஃபயர்’ படத்தைக் கபர் லஹரியாவின் அறிக்கையோடு சேர்த்தே காணவும் கற்பிக்கவும் வேண்டும். அவ்வறிக்கை அப்படத்தின் விடுபட்ட இறுதிக் காட்சி போன்றது. ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ கனிவால் வெல்கிறது. தன் மாந்தரைக் குடிமக்களாகக் காட்டத் தவறியதால் பாதியில் நிற்கிறது. ‘கக்கூஸ்’ நேர்த்தியில் பின்தங்கினும் கேட்போரை உருவாக்குவதில் முன்நிற்கிறது.

இம்மதிப்பீட்டிலிருந்து மூன்று வினாக்கள் ஆவணப்பட ஆய்வுக்குப் பயன்படும். பேசுபவர் யாரை முன்னிலையாகக் கொண்டு பேசுகிறார்? படம் காட்டப்படும் களனில் அம்முன்னிலையார் இருக்கின்றாரா? படம் முடிந்தபின் பேசியவர் மறுமொழி கூறவேண்டுமாயின் அதற்கு அவரிடம் வழி உண்டா? மூன்றாவது வினாவைப் படத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது எனத் தள்ளிவிட இயலாது. பெயர் சுட்டும் கலை, பெயருக்குரியவர்க்குக் கடன்பட்ட கலை.

தமிழ்த்துறைகளின் ஊடகத்தமிழ்ப் பாடங்களில் ஆவணப்படம் சேர்க்கப்படும்போது, கருத்துச் சுருக்கம் எழுதுவதோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. இன்னார் கூற்று, இன்னார் கேட்க, இன்ன களனில் எனத் துறைக்குறிப்பு எழுதப் பழகிய மாணவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. சங்கப்பாடலுக்கு நாம் எழுதும் அக்குறிப்பைப் பொம்மனின், மீராவின், பெயர் அறியாத தூய்மைப் பணியாளரின் கூற்றுக்கும் எழுதிப் பார்க்கலாம். அவ்வாறு எழுதும்போது, ‘கேட்போர்’ என்ற இடத்தில் பல வேளைகளில் நம் பெயரையே நிரப்ப வேண்டியிருக்கும்.